ஊசி குத்தாமல் மைய சிரை அழுத்தம்: அல்ட்ராசவுண்டால் எவ்வளவு சொல்ல முடியும்?

ஐசியுவில் டாக்டர் ஒருவர் நோயாளியின் மேல்வயிற்றில் அல்ட்ராசவுண்ட் மெஷினின் கைப்பிடிக் கருவியான ப்ரோபை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐவிசி ஃபுல்லா இருக்கு, ஃப்ளூயிடை நிறுத்துங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போவார். பக்கத்தில் நிற்கும் உறவினருக்கு அது என்னவென்று புரியாது. புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டருக்கும் பல நேரம் பாதிதான் புரியும். அந்த இரு தரப்பினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. படித்துவிட்டு யாரும் தாங்களாகவே சிகிச்சையை மாற்ற வேண்டாம். கட்டிலருகே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

மைய சிரை அழுத்தம் என்றால் என்ன?

உடல் முழுவதிலிருந்தும் திரும்பி வரும் ரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குள் இறங்குகிறது. அந்த வாசலில் இருக்கும் அழுத்தம்தான் மைய சிரை அழுத்தம். மருத்துவமனையில் சுருக்கமாக சிவிபி என்பார்கள். ஆரோக்கியமானவருக்கு இது 2 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி 120, 80 என்று இருக்க, இது ஒற்றை இலக்கத்தில் நிற்கும் அழுத்தம். அதனால் அளவில் சிறு பிழை வந்தாலும் பொருள் மாறிவிடும்.

ரத்தத்தின் அளவு குறைந்தால் இது இறங்கும். வலது பக்க இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறினாலோ, உடலில் நீர் மிகுந்தாலோ ஏறும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்தாலும், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தாலும் ஏறும். ஆக, ஒரே எண்ணுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம்.

குழாய் போட்டு நேரடியாகவே அளக்கலாமே?

அளக்கலாம். கழுத்துச் சிரை வழியாகவோ காறையெலும்புக்குக் கீழிருந்தோ நீண்ட குழாயைச் செலுத்தி, அதன் நுனியை இதயத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இதுதான் சென்ட்ரல் லைன். அதில் அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசரை இணைத்தால் திரையில் எண் ஓடும். ஆனால் போடும்போது ஊசி தமனியில் பட்டுவிடலாம், நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்து காற்று புகலாம். போட்ட பிறகு கிருமித்தொற்றும் ரத்தக்கட்டியும் வரலாம். வேறு தேவை எதுவும் இல்லாதபோது, சிவிபி பார்ப்பதற்காக மட்டும் இவ்வளவு ஆபத்துக்கு ஒருவரை உட்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில், அதாவது நான்காம் விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். கட்டிலை உயர்த்திவிட்டு அதை மறுபடி சரிசெய்ய மறந்தால், ஒவ்வொரு 10 செ.மீ. வித்தியாசத்துக்கும் சுமார் 7 மி.மீ. பாதரசம் பிசகும். குழாய் காட்டும் எண் என்பதாலேயே அது சரியாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஸ்கேனில் எதைப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் கீழ்ப்பெருஞ்சிரையை, அதாவது ஐவிசியை. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரை இது. இதன் சுவர் மெல்லியது. உள்ளே அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நின்ற ரப்பர் குழாய் போலத் தட்டையாகிவிடும், கூடினால் உப்பி நிற்கும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குவதால் ரத்தம் இதயத்தை நோக்கி உறிஞ்சப்பட்டு, சிரை சற்றே சுருங்கும். எவ்வளவு பருமன், எவ்வளவு சுருங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்து அழுத்தத்தை மதிப்பிடுகிறோம்.

செய்முறை இப்படி. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலைச் சற்று மடக்கச் சொன்னால் வயிறு தளரும். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே ப்ரோபை வைத்து முதலில் இதயத்தைத் தேடவேண்டும். வலது மேலறை தெரிந்ததும் ப்ரோபை நீளவாக்கில் மெதுவாகத் திருப்பினால், கல்லீரலின் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புப் பட்டையாக ஐவிசி ஓடிவந்து மேலறைக்குள் நுழைவது தெரியும். நுழையும் அந்தக் காட்சியைப் பார்க்காமல் அளக்கக் கூடாது. சில மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்த்தாலே மகாதமனி வந்துவிடும், அதுவும் கறுப்புப் பட்டைதான். அதன் சுவர் தடித்து வெண்மையாக இருக்கும், மேலறைக்குள் போகாமல் இதயத்துக்குப் பின்னால் போகும். துடிப்பை மட்டும் நம்ப முடியாது, இதயத்தின் அசைவால் ஐவிசியும் துடிப்பது போலத் தெரியும்.

கல்லீரல் சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டி, வலது மேலறை வாசலிலிருந்து 0.5 முதல் 3 செ.மீ.க்குள், மூச்சை வெளிவிட்டு முடித்த நொடியில், சுவருக்குச் செங்குத்தாக விட்டத்தை அளக்க வேண்டும். பிறகு நோயாளியை மூக்கால் சட்டென்று ஒரு முறை உறிஞ்சச் சொல்லி மறுபடி அளக்க வேண்டும். ப்ரோபை அழுத்திப் பிடித்தால் நாமே சிரையை நசுக்கிவிடுவோம், ஒல்லியானவர்களிடம் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

2.1 செ.மீ. என்று சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் எக்கோகார்டியோகிராஃபி 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருப்பது. விட்டம் 2.1 செ.மீ. அல்லது அதற்குக் குறைவு, உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்குகிறது என்றால் அழுத்தம் 3 என்று எடுத்துக்கொள்ளலாம், அதாவது 0 முதல் 5 வரை. 2.1 செ.மீ.க்கு மேல், பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் 15, அதாவது 10 முதல் 20 வரை. ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் 8, அதாவது 5 முதல் 10 வரை. எல்லாம் மி.மீ. பாதரசக் கணக்கு.

சுருங்கும் விகிதத்தைக் கணக்கிடுவது எளிது. பெரிய விட்டத்திலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுக்க வேண்டும். 1.8 செ.மீ. இருந்தது 0.6 ஆனால் 67 சதவீதம்.

எக்கோ ரிப்போர்ட்டில் "வலது மேலறை அழுத்தம் 15" என்று இருக்கிறது. அது அளந்த எண்ணா?

இல்லை. மேலே சொன்ன 3, 8, 15 என்ற மூன்று பெட்டிகளில் மிக உயர்ந்ததில் விழுந்திருக்கிறது என்று பொருள். நிஜ அழுத்தம் 11 ஆகவும் இருக்கலாம், 19 ஆகவும் இருக்கலாம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேற்று 8, இன்று 15 என்று பார்த்துவிட்டு அழுத்தம் இரு மடங்காகிவிட்டதாக உறவினர்கள் பயப்படுகிறார்கள். விட்டம் 2.0இலிருந்து 2.2 ஆனாலே பெட்டி மாறிவிடும். ரிப்போர்ட்டில் அந்த ஒற்றை எண்ணுக்குப் பதிலாக விட்டமும் சுருங்கும் விகிதமும் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள்.

இந்த ஸ்கேன் இரண்டு ஓரங்களில்தான் உறுதியாகப் பேசும். 1 செ.மீ. அளவில் ஒடுங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் சிரையும், 2.5 செ.மீ. அளவில் உப்பி அசையாமல் நிற்கும் சிரையும் தெளிவான செய்திகள். நடுவில் விழும் நோயாளிகளுக்கு ஐவிசியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்லீரல் சிரையின் டாப்ளர் (ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்கேன்), வலது அறைகளின் அளவு, நுரையீரலில் நீர் இருக்கிறதா என்பது, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தெந்த இடங்களில் ஏமாற்றும்?

நிறைய இடங்களில்.

ஆஸ்துமாவில் இழுத்து இழுத்து மூச்சு விடுபவருக்கு நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசை மிக அதிகம். அழுத்தம் குறையாமலே ஐவிசி ஒட்டிக்கொள்ளும். மயக்கத்தில் மெல்லிய மூச்சு விடுபவருக்கு நேர்மாறாக, அழுத்தம் குறைவாக இருந்தும் சிரை அவ்வளவாகச் சுருங்காது. வயிறு இறுகி உள்ளழுத்தம் கூடியிருந்தால் ஐவிசி வெளியிலிருந்து நசுங்கும். அதைப் பார்த்து நீர் வற்றியிருக்கிறது என்று நினைத்துவிடலாம். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையே சிரையை அழுத்தும்.

விளையாட்டு வீரர்களுக்கு அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே 2.1ஐத் தாண்டிய ஐவிசி இருப்பதுண்டு. வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வு கடுமையாகக் கசிகிறவர்களுக்கும் சிரை பெருத்திருக்கும், அதை வைத்து உடலில் நீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. உடல்வாகு சிறியவர்களுக்குச் சிரையும் சிறிதாக இருக்கும் என்பதால், நம் ஊரில் 40, 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 2.1 என்ற எல்லையை அப்படியே பொருத்தினால் கூடியிருக்கும் அழுத்தம் கண்ணுக்குத் தப்பிப் போகலாம்.

மூச்சு இழுக்கும்போது ஐவிசி பக்கவாட்டில் நகர்வது இன்னொரு சிக்கல். நாம் வெட்டிப் பார்க்கும் கோடு சிரையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடும், திரையில் சுருங்கியது போலத் தெரியும். உண்மையில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குறுக்குவாட்டிலும் ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. பிபி விழுந்துகிடக்கும் நோயாளிக்கு ஐவிசி உப்பி நிற்கிறது. "தண்ணீர் போதும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இதயத்தைச் சுற்றி நீர், நுரையீரல் தமனி அடைப்பு, வலது கீழறை மாரடைப்பு, நெஞ்சுக்குள் காற்று அழுத்துவது ஆகிய ஒவ்வொன்றிலும் இந்தக் காட்சி வரும், ஒவ்வொன்றும் உடனே சிகிச்சை தர வேண்டியது. ப்ரோபை அப்படியே மேலே தூக்கி இதயத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு?

கணக்கு தலைகீழ். மெஷின் காற்றை உள்ளே தள்ளுவதால் உள்மூச்சின்போது நெஞ்சழுத்தம் கூடும், ஐவிசி சுருங்குவதற்குப் பதில் விரியும். 2004இல் பிரான்சில் வந்த ஆய்வுகள் இந்த விரிவை வைத்து, சலைன் கொடுத்தால் இதயம் பலன் காட்டுமா என்று கணிக்கலாம் என்றன. பார்பியே குழுவின் எல்லை 18 சதவீதம், ஃபெய்செல் குழுவின் எல்லை 12 சதவீதம். வகுக்கும் முறை வேறு என்பதால்தான் எண்களும் வேறு. நோயாளி சொந்த மூச்சு எதுவும் எடுக்கக் கூடாது, ஒரு மூச்சுக்கான காற்றளவு போதுமான அளவு இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இன்று பல ஐசியுக்களில் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது அரிது.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு 2.1ஐத் தாண்டிய ஐவிசி சகஜம், அதற்குத் தனியாகப் பொருள் இல்லை. ஆனால் 1.2 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அழுத்தம் 10க்குக் கீழே என்று ஓரளவு நம்பலாம்.

வயிற்றில் பேண்டேஜ் இருக்கிறது, அல்லது குடலில் உள்ள கேஸ் மறைக்கிறது. அப்போது?

கழுத்துக்குப் போகலாம். 1930இல் லண்டன் மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ், கழுத்துச் சிரை எந்த உயரம் வரை நிரம்பியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சிவிபியைக் கணிக்கும் முறையை விவரித்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் தேர்வில் செய்து காட்டுவது அதைத்தான். குட்டையான, பருத்த கழுத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, நரம்பு, தசைகளுக்குப் பயன்படும் நேர்க்கோட்டு ப்ரோபைக் காறையெலும்புக்கு மேல் குறுக்காக வைத்தால் இரண்டு வட்டங்கள் தெரியும். லேசாக அமுக்கினால் நசுங்குவது சிரை, நசுங்காமல் துடிப்பது கரோட்டிட் தமனி. அப்படியே தாடையை நோக்கி மெல்ல மேலே நகர்த்தினால், ஓர் இடத்தில் சிரை மூச்சுக்கு மூச்சு மூடித் திறக்கும். நீளவாக்கில் திருப்பினால் பாட்டிலின் கழுத்து போலக் குறுகி முடியும். அந்த இடத்தைத் தோலில் குறித்துக்கொண்டு, நெஞ்செலும்பின் மேட்டிலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செங்குத்தாக அளக்க வேண்டும். அதோடு 5 செ.மீ. கூட்ட வேண்டும். உயரம் 6 செ.மீ. என்றால் மொத்தம் 11 செ.மீ. நீர். 1.36ஆல் வகுத்தால் சுமார் 8 மி.மீ. பாதரசம்.

அந்த 5 செ.மீ.யில்தான் பலவீனம் இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது நெஞ்செலும்பின் மேட்டுக்கும் வலது மேலறையின் நடுவுக்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சாய்ந்து உட்காரும்போது அது 8, 10 செ.மீ. வரை போகும். அதனால் கழுத்து முறை பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். "கழுத்தில் அதிகம்" என்று வந்தால் நம்பலாம், "இயல்பு" என்று வந்தால் இன்னொரு முறை யோசிக்கலாம்.

கைச் சிரையை வைத்து அளக்க முடியுமாமே?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் செய்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ப்ரோபின் முகத்தில் அழுத்தமானி இணைத்த ஒளிபுகும் சிலிக்கோன் பையைப் பொருத்தி, முன்கைச் சிரையை மெல்ல அமுக்கி, சிரை மூடும் நொடியில் உள்ள அழுத்தத்தைப் படிப்பது. கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஓர் எண் நேரடியாகக் கிடைக்கிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. தனிக் கருவி வேண்டும் என்பதால் வார்டுகளில் இன்னும் பரவவில்லை.

சிவிபி குறைவு என்று தெரிந்தால் சலைன் ஏற்ற வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தோன்றியது. தேவையில்லை. ஆரோக்கியமாக நடமாடும் உங்களுக்கும் எனக்கும் சிவிபி 3, 4தான் இருக்கும். நமக்கு ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் இதயம் இன்னும் கொஞ்சம் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதற்காக அது நமக்குத் தேவை என்று ஆகிவிடாது.

2001இல் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் குழு வெளியிட்ட செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சிகிச்சை முறையில், சிவிபியை 8 முதல் 12க்குக் கொண்டுவர வேண்டும் என்ற இலக்கு இருந்தது. உலகம் முழுக்க அதைப் பின்பற்றினார்கள். 2008இல் பால் மேரிக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிவிபி எண்ணை வைத்து யாருக்கு ஃப்ளூயிட் பலன் தரும் என்று சொல்லவே முடியாது என்று காட்டியது. 2014, 2015இல் புரோசெஸ், அரைஸ், புரோமிஸ் என்ற மூன்று பெரிய பரிசோதனைகள், அந்த இலக்குகளைத் துரத்தாமல் சிகிச்சை தந்தாலும் உயிர் பிழைப்பவர்கள் குறையவில்லை என்று நிறுவின. 2016ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலில் சிவிபி இலக்கு இல்லை.

அப்படியானால் எதற்குப் பார்ப்பது? இன்னும் நீர் ஏற்றினால் தாங்குமா என்று அறியத்தான். உப்பி அசையாத ஐவிசி ஓர் எச்சரிக்கை. சுருங்கும் ஐவிசி "இடம் இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. பலன் இருக்குமா என்று அறிய, படுத்திருப்பவரின் கால்களை 45 டிகிரி உயர்த்திப் பார்க்கலாம். கால்களில் உள்ள ரத்தம், கிட்டத்தட்ட 300 மில்லி, இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு எக்கோவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஃப்ளூயிட் பலன் தரும். கூடாவிட்டால் காலைக் கீழே இறக்கிவிடலாம், ஒரு சொட்டு நீரும் வீணாக ஏறியிருக்காது.

வெக்ஸஸ் என்கிறார்களே?

கனடாவின் மாண்ட்ரியாலில் போபியான்-சூலினி குழு 2020இல் வெளியிட்ட, சிரைகளில் ரத்தம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தரம் பிரிக்கும் முறை. ஐவிசி 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அதோடு நிற்காமல், கல்லீரல் சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, சிறுநீரகத்துக்குள் ஓடும் சிரைகள் மூன்றிலும் டாப்ளர் வைத்துப் பார்ப்பார்கள். போர்ட்டல் சிரையில் ரத்தம் சீராக ஓட வேண்டும். அதன் வேகம் இதயத்துடிப்போடு பாதிக்குப் பாதி ஏறி இறங்கினால், பின்னழுத்தம் உறுப்புகளை எட்டிவிட்டது என்று பொருள். 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சை செய்தவர்களில் 3 வந்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் வந்தது. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும்போதெல்லாம் இன்னும் நீர் கொடுப்பது பழைய வழக்கம். சிறுநீரகம் நீர் மிகுந்தும் திணறலாம் என்பதைக் கண்ணால் காட்டுவதால் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

டெங்குவில் பயன்படுமா?

பயன்படும், துணையாக. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தையொட்டி 24 முதல் 48 மணி நேரம் ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியும். அப்போது நீர் குறைந்தால் ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. கசிவு நின்றபின் வெளியே போன நீரெல்லாம் திரும்பி உள்ளே வரும்போது இன்னும் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சுத்திணறல். இரண்டு பக்கமும் பள்ளம். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டதா என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. அதோடு ஐவிசியையும் பார்த்தால் அடுத்த பாட்டிலை மாட்டலாமா என்று முடிவு செய்ய உதவும். அதே ப்ரோபில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதும், நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேர்ந்திருப்பதும் தெரியும்.

டயாலிசிஸ், இதய செயலிழப்பு நோயாளிகளுக்கு?

டயாலிசிஸ் முடிந்த கையோடு அளந்தால் சிரை உண்மையைவிட வற்றிப்போனதாகத் தெரியும். திசுக்களில் உள்ள நீர் ரத்தத்துக்குத் திரும்பச் சிறிது நேரம் எடுக்கும், அதுவரை பொறுக்க வேண்டும். இதய செயலிழப்பில், வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போகும் நாளிலும் ஐவிசி பெருத்தே இருந்தால் சீக்கிரமே மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முறை பார்ப்பது நல்லது.

வலிக்குமா? கதிர்வீச்சு உண்டா?

இரண்டும் இல்லை. ஜெல் கொஞ்சம் சில்லென்று இருக்கும்.

கையடக்க மெஷின்கள் வந்துவிட்டனவே, ஏன் எல்லா டாக்டரிடமும் இல்லை?

விலை ஒரு காரணம். இந்தியாவில் சட்டம் இன்னொரு காரணம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் கருக்களை அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்த பிசிபிஎன்டிடி சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய மெஷின்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு: பொதுவாகப் பதிவு செய்த வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்குத்தான் பயன்படுத்தலாம். சட்டத்தின் நோக்கம் மிக நியாயமானது, அதைத் தளர்த்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் ஐவிசியும் நுரையீரலும் பார்க்க மட்டுமே தேவைப்படும் ஐசியு டாக்டர்களுக்கும் வழி கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி சென்ட்ரல் லைனே வேண்டாமா?

வேண்டும். பிபியை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளை நாள்கணக்கில் செலுத்த, கையில் சிரையே கிடைக்காதபோது, சில டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எல்லாம் அது தேவைதான். வேறு காரணத்துக்காகப் போட்டுவிட்டால் அதில் சிவிபியையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குழாயைப் போடுவதையும் இன்று அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது?

"ஐவிசி ஃபுல்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு எந்தப் பயனும் இல்லை. மூச்சு வெளிவிட்டபோது விட்டம் எவ்வளவு, சுருங்கியது எத்தனை சதவீதம், சொந்த மூச்சா வென்டிலேட்டரா, எந்த வாக்கில் பார்த்தது, நேரம் என்ன, அதற்கு முன் எவ்வளவு ஃப்ளூயிட் போயிருந்தது என்று எழுதுங்கள். படம் தெளிவாகக் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில், அதே வாக்கில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதினால், ஒற்றை அளவைவிட அந்த இரண்டின் வித்தியாசம் அதிகம் சொல்லும்.